உப்பும் வேகமும்: ஒரு நெல் அறிவிப்புக்குப் பின்னால் இருக்கும் அறுபது வருடக் கதை



பி.காம். படிக்கிறவன் மரபணு பற்றி எழுதுவது உங்களில் சிலருக்குச் சிரிப்பாக இருக்கும். "காஸ்ட் அக்கவுண்டிங் அரியரை முதலில் முடிடா" என்று வகுப்பு நண்பர்கள் சொல்லப் போவதும் தெரியும் :-). இந்தக் கட்டுரைக்குக் காரணம் என் தாய்மாமா.

எங்கள் ஊர் இடையஞ்சாவடி. செம்மண் மேடு, முந்திரித் தோப்பு என்று இருக்கும். மாமாவின் ஊர் அங்கிருந்து வடகிழக்கே, கழுவேலி ஏரிக்கும் மரக்காணம் உப்பளத்துக்கும் இடைப்பட்ட தாழ்ந்த பகுதி. கிழக்குக் கடற்கரைச் சாலையில் பஸ்ஸில் போயிருக்கிறவர்களுக்கு மரக்காணத்தில் வெள்ளை வெள்ளையாகக் குவித்து வைத்திருக்கும் உப்பு ஞாபகம் இருக்கும். அந்தப் பக்கம்தான். மாமாவுக்கு இரண்டு ஏக்கர். மேல்துண்டு ஒரு ஏக்கர், ஓடையை ஒட்டிய கீழ்த்துண்டு ஒரு ஏக்கர். போர்த் தண்ணீர் வருடத்துக்கு வருடம் உப்பாகிக்கொண்டே வருகிறது. கோடையில் கீழ்த்துண்டில் மண்மேல் வெள்ளை பூத்துவிடும். வரப்புக்கு அந்தப் பக்கம் உமரி மட்டும் செழிப்பாக நிற்கும்.

2025 மே மாதம் மாமா போன் செய்தார்.

"மாப்ள, உப்புத் தண்ணிலயும் விளையிற நெல்லு கண்டுபுடிச்சிருக்காங்களாமே, டிவில சொன்னான். நெசமா பொய்யானு பாத்துச் சொல்லு. எறா குட்டைக்காரன் குத்தகைக்குக் கேட்டுக்கினே இருக்கான். நான் ஒரு முடிவு சொல்லணும்."

இறால் குட்டைக்கு விட்டால் கடல் தண்ணீரை உள்ளே கட்டுவார்கள். அதற்குப் பிறகு அந்த மண் நெல்லுக்குத் திரும்புவது கஷ்டம். ஆகவே "சும்மா டிவி செய்தி மாமா" என்று சொல்லித் தப்பிக்க முடியவில்லை. தேடிப் படிக்க ஆரம்பித்தேன். நெல்லில் தொடங்கியது பாரிஸ் வரை போய்விட்டது.

ஒரே பேரேடு, வேறு வேறு வேகம்

முதலில் அடிப்படை. எனக்குப் புரிந்த மொழியில் சொல்கிறேன்.

ஒவ்வொரு செல்லிலும் டி.என்.ஏ. என்ற மூலப் பேரேடு இருக்கிறது. அதை யாரும் வெளியே எடுத்துப் போக முடியாது. ஒரு புரதம் செய்ய வேண்டுமானால் அதற்குரிய பக்கத்தை மட்டும் நகலெடுக்க வேண்டும். அந்த நகல்தான் ஆர்.என்.ஏ. இப்படி நகலெடுக்கும் வேலைக்குப் படியெடுத்தல் என்று பெயர். எடுக்கிற இயந்திரத்தின் பெயர் ஆர்.என்.ஏ. பாலிமரேஸ். பாக்டீரியாவில் இது ஒரு நொடிக்கு ஏறத்தாழ 40, 50 எழுத்துகள் வீதம் ஓடுகிறது.

இங்கே "வேகம்" என்றால் இயந்திரம் ஓடுகிற வேகம் மட்டும் என்று நினைத்துவிடக் கூடாது. ஒரு மணி நேரத்தில் ஒரு பக்கத்துக்கு எத்தனை நகல் தொடங்கப்படுகிறது என்பதே முக்கியமான கணக்கு. சில பக்கங்களுக்கு நாளெல்லாம் நகல் ஓடும், சில பக்கங்களை யாரும் திறப்பதே இல்லை. எதை, எப்போது, எவ்வளவு என்று தீர்மானிப்பவை வேறு சில புரதங்கள். அவற்றைப் படியெடுப்புக் காரணிகள் என்கிறார்கள்.

ஏன் எல்லாவற்றையும் எப்போதும் நகலெடுக்கக் கூடாது? செலவு! ஒவ்வொரு நகலுக்கும், அதிலிருந்து செய்யும் ஒவ்வொரு புரதத்துக்கும் செல் ஆற்றலைச் செலவழிக்க வேண்டும். விற்காத சரக்கை உற்பத்தி செய்கிற கம்பெனி மூடிப் போகும். செல்லும் அப்படித்தான்.

பாரிஸில் ஒரு விசித்திரமான இடைவேளை

1941-இல் ஜாக் மோனோ என்ற பிரெஞ்சு ஆராய்ச்சியாளர் தன் முனைவர் பட்ட ஆய்வில் ஒன்றைக் கவனித்தார். பாக்டீரியாவுக்கு இரண்டு வகைச் சர்க்கரையைக் கலந்து கொடுத்தால் சில கலவைகளில் அது இரண்டையும் சேர்த்துச் சாப்பிடுவதில்லை. முதலில் பிடித்ததை மட்டும் தின்று வளர்கிறது. அது தீர்ந்ததும் வளர்ச்சி சிறிது நேரம் நின்றுபோகிறது. பிறகுதான் இரண்டாவதைத் தொடுகிறது. நடுவில் அந்த இடைவேளை எதற்கு?

அப்போது பாரிஸ் ஜெர்மானியர் பிடியில் இருந்தது. மோனோ எதிர்ப்பு இயக்கத்தில் சேர்ந்து தலைமறைவு வேலையும் செய்தார். பின்னாளில் அவருடன் சேர்ந்த பிரான்சுவா ஜாக்கோப், அறுவை மருத்துவராக வேண்டும் என்று நினைத்தவர். 1944-இல் நார்மண்டியில் பட்ட காயம் அந்த ஆசையை முடித்துவிட்டது. இந்த இரண்டு பேரும் பாஸ்டர் நிறுவனத்தில் சந்திக்காமல் போயிருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை.

ஈ. கோலை என்ற பாக்டீரியா பால் சர்க்கரையான லாக்டோஸைச் சிதைக்க ஒரு நொதி செய்கிறது. லாக்டோஸ் இல்லாதபோது அந்த நொதி பெயருக்குத்தான் இருக்கும். லாக்டோஸ் வந்ததும் ஏறத்தாழ ஆயிரம் மடங்கு ஏறும். மரபணு அதே மரபணுதான், மாறுவது நகலெடுக்கும் வேகம். அமெரிக்காவிலிருந்து வந்திருந்த ஆர்தர் பார்டியுடன் சேர்ந்து செய்த சோதனைகளிலிருந்து அவர்கள் ஒரு முடிவுக்கு வந்தார்கள். ஏதோ ஒன்று அந்த மரபணுவின் வாசலில் உட்கார்ந்து நகலெடுக்க விடாமல் தடுக்கிறது. லாக்டோஸ் வந்தால் அது எழுந்து வழிவிடுகிறது. 1961-இல் ஜாக்கோப்பும் மோனோவும் இதை விரிவான கட்டுரையாக வெளியிட்டார்கள். 1965-இல் ஆந்த்ரே ல்வோஃப்புடன் சேர்த்து மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

இதில் வேடிக்கை, பரிசு கிடைத்தபோது அந்தத் தடுப்பானை யாரும் கண்ணால் பார்த்திருக்கவில்லை. அது புரதமா, ஆர்.என்.ஏ.வா என்பதுகூட உறுதியாகவில்லை. 1966-இல் ஹார்வர்டில் வால்டர் கில்பர்ட்டும் பென்னோ முல்லர்-ஹில்லும் அதைப் பிரித்தெடுத்துப் புரதம்தான் என்று காட்டினார்கள். கில்பர்ட் இயற்பியலிலிருந்து வந்தவர் (எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது இதைப் படித்தபோதுதான்). அவர்கள் கணக்குப்படி ஒரு செல்லில் அந்தத் தடுப்பான் சுமார் பத்து மூலக்கூறுகள் மட்டுமே இருந்தது. அதே நேரத்தில் அதே ஹார்வர்டில் மார்க் டாஷ்னி, பாக்டீரியாவைத் தாக்கும் ஒரு வைரஸின் தடுப்பானைப் பிரித்தெடுத்தார்.

பிரேக் மட்டும் போதுமா?

ஒரு வெற்றி வந்துவிட்டால் எல்லாமே அப்படித்தான் என்று நினைப்பது மனித சுபாவம். செல்லில் இருப்பதெல்லாம் தடுப்பான்தான், அதாவது பிரேக்தான், என்று பலர் நம்பினார்கள். எல்லிஸ் எங்கிள்ஸ்பெர்க் என்ற அமெரிக்கர், அராபினோஸ் என்ற இன்னொரு சர்க்கரையைச் சிதைக்கும் மரபணுக்களை ஆராய்ந்து, "இங்கே ஒரு புரதம் நகலெடுப்பைத் தூண்டுகிறது" என்று 1965-இல் எழுதினார். அதை மற்றவர்கள் ஏற்க வருடங்கள் பிடித்தன. கடைசியில் அவர் சொன்னதே சரி. பிரேக்கும் உண்டு, ஆக்ஸிலரேட்டரும் உண்டு.

அடுத்தடுத்து வந்ததை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 1969-இல் பாலிமரேஸுக்குச் சரியான தொடக்க இடத்தைக் காட்டும் சிக்மா காரணி தெரிய வந்தது. அதே வருடம் ராபர்ட் ரோடர், நம்மைப் போன்ற உயர் உயிர்களின் செல்லில் ஒன்றுக்குப் பதில் மூன்று பாலிமரேஸ்கள் இருப்பதைக் காட்டினார். 1983-இல் மனிதச் செல்லிலிருந்து எஸ்.பி.1 என்ற காரணியை ராபர்ட் ஜியானின் ஆய்வகம் கண்டறிந்தது. 1980-களில் ஜான் லிஸ் ஆய்வகம் பழ ஈயில் இன்னொன்றைப் பார்த்தது. வெப்பத்தைச் சமாளிக்கும் மரபணுவில் பாலிமரேஸ் முன்கூட்டியே ஏறி, கொஞ்ச தூரம் ஓடி, நின்று காத்திருக்கிறது. சூடு பட்டதும் பாய்கிறது. சிக்னலில் முதல் கியரில் நிற்கும் பஸ் மாதிரி.

உப்பு இந்தியாவுக்கு வந்த கதை

எனக்குத் தேவை உப்பு அல்லவா? அதற்கு ஹைதராபாத் போக வேண்டும்.

அங்கே சி.சி.எம்.பி. என்ற செல், மூலக்கூறு உயிரியல் மையத்தில் ஜெ. கௌரிசங்கர் ஈ. கோலையை உப்புக் கரைசலில் வளர்த்து ஆராய்ந்தார். இவர் மருத்துவம் படித்துவிட்டுப் பாக்டீரியா மரபியலுக்கு வந்தவர். வெளியே உப்பு கூடினால் செல்லுக்குள்ளிருந்து தண்ணீர் வெளியேறும். ஊறுகாய் போடும்போது மாங்காய் சுருங்குகிறதே, அதே விஷயம். பாக்டீரியா பிழைக்க வேண்டுமானால் தண்ணீரை உள்ளே பிடித்து வைக்கும் பொருள்களைச் சேர்க்க வேண்டும். அவற்றை வெளியிலிருந்து உள்ளே இழுக்கும் வேலைக்கு உதவுகிற "ப்ரோ-யூ" என்ற மரபணுத் தொகுதியை அவர் 1985-இல் வெளிவந்த கட்டுரையில் விவரித்தார். உப்பு கூடினால் இதன் நகலெடுப்பு பல நூறு மடங்கு ஏறுகிறது. உப்பு இறங்கினால் அடங்கிவிடுகிறது. சாதாரண நாளில் இதை அடக்கி வைப்பதில் எச்-என்.எஸ். என்ற புரதத்துக்குப் பங்கு இருப்பது பின்னர் தெரிய வந்தது. கௌரிசங்கருக்கு 1991-இல் பட்நாகர் விருது கிடைத்தது.

எனக்கு இதில் பிடித்த விஷயம், அந்தப் பாக்டீரியா உப்புக்காகப் புதிதாக எதையும் சம்பாதிக்கவில்லை. கையில் இருந்த பக்கத்தையே வேகமாக நகலெடுத்தது. தேவை முடிந்ததும் நிறுத்தியது.

கோழி, மக்காச்சோளம், பிச்சாவரம்

செடியில் முதன்முதலாகப் பிரித்தறியப்பட்ட படியெடுப்புக் காரணி மக்காச்சோளத்தில் கிடைத்தது. மணிக்கு ஊதா நிறம் தரும் வேலையைக் கட்டுப்படுத்தும் சி1 என்ற மரபணு. 1987-இல் அதன் வரிசையைப் படித்தபோது, கோழிக்கு ரத்தப் புற்றுநோய் தரும் ஒரு வைரஸில் தெரிந்திருந்த "மிப்" என்ற புரதத்தின் ஜாடை அதில் இருந்தது. அதனால் இந்தக் குடும்பத்துக்கே மிப் என்று பெயர். கோழிக்கும் சோளத்துக்கும் ஒரே வகைச் சாவி!

அந்தக் குடும்பத்தின் ஒரு ஆள் நம் பக்கத்திலும் இருக்கிறார். கும்பகோணத்தில் பிறந்த எம்.எஸ். சுவாமிநாதன் 1988-இல் சென்னையில் தொடங்கிய ஆராய்ச்சி நிறுவனத்தில், அஜய் பரிடாவின் குழு 1990-களிலிருந்தே அலையாத்தி மரங்களை ஆராய்ந்து வந்தது. சிதம்பரம் பக்கத்துப் பிச்சாவரத்தில் படகில் போகும்போது பார்ப்போமே, அந்த மரங்கள். அவற்றில் ஒன்றான வெண்கண்டல் உப்புத் தண்ணீரிலேயே நின்று, இலை வழியாக உப்பை வெளியே தள்ளிவிடும். உப்பில் இருக்கும்போது இந்த மரம் எந்தப் பக்கங்களை நகலெடுக்கிறது என்று அவர்கள் பட்டியல் எடுத்து 2005-இல் வெளியிட்டார்கள். 2008-இல் அதன் ஒரு நொதி மரபணுவைப் பாஸ்மதி நெல்லில் சேர்த்துப் பார்த்த ஆய்வு வந்தது. 2012-இல் அடுத்த கட்டம். வெண்கண்டலின் ஒரு மிப் காரணியை எடுத்துப் புகையிலைச் செடியில் வைத்தார்கள். புகையிலை முன்னைவிட அதிக உப்பைத் தாங்கியது.

2008-க்கும் 2012-க்கும் உள்ள வித்தியாசத்தைக் கவனியுங்கள். நொதியைச் சேர்ப்பது ஒரு நல்ல தொழிலாளியை வேலைக்கு எடுப்பது போல. காரணியைச் சேர்ப்பது பல பேரை வேலை வாங்கும் மேனேஜரை எடுப்பது போல. நெல்லுக்கும் உப்பை இறைக்கும், ஒதுக்கும் மரபணுக்கள் ஓரளவு உண்டு. அவற்றைச் சரியான நேரத்தில் சரியான வேகத்தில் ஓட்டும் ஏற்பாடு உமரிக்கும் கண்டலுக்கும் இருக்கிற மாதிரி நெல்லுக்கு இல்லை. இதுவே முழுக் காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் பெரிய காரணங்களில் ஒன்று.

ஆக்ஸிலரேட்டரில் எப்போதும் கால் வைத்தால்

"அப்படியானால் மேனேஜரை நெல்லில் வைத்துவிட்டால் போதுமே!" நானும் அப்படித்தான் நினைத்தேன்.

ஜப்பானில் ஷினோசாகி தம்பதியரின் குழு 1999-இல் ஒரு சோதனையை வெளியிட்டது. அராபிடாப்சிஸ் என்ற சிறு செடியில், வறட்சி, உப்பு, குளிர் மூன்றையும் தாங்க உதவும் ஒரு காரணியை எந்நேரமும் அதிகமாக உற்பத்தியாகும்படி வைத்தார்கள். செடி தாங்கியது. ஆனால் குட்டையாகிப் போனது. பிறகு அதே காரணியை, கஷ்டம் வந்தால் மட்டும் வேலை செய்யும் ஒரு தொடக்கப் பகுதியோடு இணைத்தார்கள். இப்போது செடி தாங்கவும் செய்தது, வளர்ச்சியும் பெரிதாகக் கெடவில்லை.

வருடம் முழுக்க ஓவர்டைம் போட்டால் ஆர்டர் இல்லாத மாதத்தில் நஷ்டம். இதை எங்கள் பாடத்தில் முதல் வருடமே சொல்லிவிடுவார்கள்! செடிக்கும் அதே விதி. புரதம் இருந்தால் மட்டும் போதாது. அது எப்போது வேகத்தைக் கூட்டுகிறது, எப்போது குறைக்கிறது என்பதில்தான் விளைச்சல் இருக்கிறது.

டிவியில் வந்த நெல்

இப்போது மாமாவின் கேள்விக்கு வருவோம்.

2009-இல் ஷாங்காயில் ஹாங்-ஷுவான் லின்னின் ஆய்வகம் நெல்லில் டி.எஸ்.டி. என்ற படியெடுப்புக் காரணியைக் கண்டுபிடித்தது. பெயரின் விரிவு "வறட்சி, உப்புத் தாங்குதல்" என்று இருந்தாலும் இது செய்கிற வேலை நேர்மாறானது. இலையில் ஹைட்ரஜன் பெராக்சைடைக் குறைக்கும் மரபணுக்களின் வேகத்தை இது கூட்டுகிறது. அந்தப் பொருள் குறைவாக இருந்தால் இலைத்துளைகள் நன்றாகத் திறந்திருக்கும். துளை திறந்திருந்தால் தண்ணீர் ஆவியாகும். ஆவியாக ஆக வேர் இன்னும் தண்ணீரை இழுக்கும். உப்பு மண்ணில் தண்ணீரோடு உப்பும் ஏறும். டி.எஸ்.டி. கெட்டுப்போன நெல்லில் துளைகள் அடங்கியிருக்கும், வறட்சியையும் உப்பையும் அது கூடுதலாகத் தாங்கும்.

டெல்லியில் இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தில் விஸ்வநாதன் சின்னுசாமி இருந்த குழு இதைக் கையில் எடுத்தது. இவர் முன்பு அமெரிக்காவில், குளிரைத் தாங்க உதவும் ஐஸ்1 என்ற காரணி பற்றிய 2003-ஆம் ஆண்டுக் கட்டுரையின் முதல் ஆசிரியர். இந்தக் குழு எம்.டி.யு. 1010 என்ற பிரபல ஆந்திர நெல்லில் டி.எஸ்.டி. மரபணுவை கிரிஸ்பர் முறையில் திருத்திய ஆய்வை 2020-இல் வெளியிட்டது. வெளி மரபணு எதுவும் மிஞ்சாத இவ்வகைத் திருத்தங்களுக்கு 2022 மார்ச்சில் மத்திய அரசு சில விதிகளிலிருந்து விலக்கு அளித்தது. 2025 மே 4 அன்று "பூசா டி.எஸ்.டி. ரைஸ் 1" என்ற பெயரில் அறிவிப்பு வந்தது. பரிந்துரைப் பட்டியலில் தமிழ்நாடும் புதுச்சேரியும் உண்டு. உப்பு, களர் மண்ணில் 9.66 முதல் 30.4 சதவீதம் வரை கூடுதல் விளைச்சல் என்றார்கள். சோதனைப் புள்ளிவிவரங்கள் இதைக் காட்டவில்லை என்று மரபணு மாற்ற எதிர்ப்பாளர்கள் அதே வருடம் கேள்வி எழுப்பினார்கள். அரசுத் தரப்பு மறுத்தது.

ஆக, மாமா டிவியில் பார்த்தது பொய்யில்லை. பாரிஸில் தொடங்கிய அதே கதையின் புதிய அத்தியாயம். எங்கிள்ஸ்பெர்க் சொன்ன மாதிரி ஒரு தூண்டும் புரதம், அதை நிறுத்தியதால் வந்த லாபம்.

சதவீதம் எதன்மேல்?

ஆனால் சதவீதம் என்று சொன்னதும் எங்களுக்கு வருகிற முதல் கேள்வி, "எதன்மேல்?"

மாமாவும் நானும் இரண்டு துண்டிலும் மண் எடுத்துச் சோதனைக்குக் கொடுத்தோம். மண்ணின் உப்பை மின்கடத்துத்திறனால் அளக்கிறார்கள், அலகு டெசிசீமென்ஸ். பாடநூல் கணக்குப்படி நெல்லுக்கு 3 வரை பிரச்சினை இல்லை. அதற்கு மேல் ஒவ்வொரு அலகுக்கும் சுமார் 12 சதவீதம் விளைச்சல் போகும். கடல் தண்ணீர் 50 பக்கம் இருக்கும். அதே அளவுமுறையில் மேல்துண்டு 4.5 வந்தது, கீழ்த்துண்டு 9.

நல்ல நாளில் மாமாவுக்கு ஏக்கருக்கு 25 மூட்டை. மேல்துண்டில் 18 சதவீதம் போனால் இருபதரை. கீழ்த்துண்டில் 72 சதவீதம் போனால் 7. செலவுக்கு ஈடுகட்ட 17 மூட்டை வேண்டும். அறிவிப்பில் உள்ள உச்சக் கணக்கான 30.4 சதவீதத்தை அந்த 7-இன் மேல் போட்டால் 9 மூட்டைதான் வருகிறது. பாதிக்குப் பாதி நஷ்டம். மேல்துண்டில் பத்து சதவீதம் கூடினாலே இரண்டு மூட்டை லாபம்.

இதை மாமாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

"அப்போ அது நெல்லு சரியில்லனு இல்ல. என் கீழ்க்காணிதான் சரியில்ல."

"ஆமா மாமா. எலயோட வாசலத்தான் மூட முடியும். மண்ணுல இருக்கற உப்பு அங்கயேதான இருக்கும்?"

மேல்துண்டுக்குக் குழியடிச்சான் விதை ஒரு தெரிந்தவரிடம் வாங்கிக் கொடுத்தேன். நம் கடலோரத்தில் உப்புக்குப் பழகிய பழைய நெல், புது விதை கைக்குக் கிடைக்கும் வரை அதுதான். குத்தகைக்காரரிடம் மேல்துண்டைத் தர முடியாது என்று மாமா சொல்லிவிட்டார். கீழ்த்துண்டைப் பற்றி இன்னும் முடிவு சொல்லவில்லை. அதில் குட்டை வெட்டினால் உப்பு மேல்துண்டுக்கும் ஊறி வருமே என்ற பயம்தான். அந்தப் பயம் நியாயமானது என்றே எனக்கும் படுகிறது.

போன வாரம் வரப்பில் நின்றபோது அந்தப் பக்கத்து உமரியைக் கொஞ்சம் கிள்ளி வாயில் போட்டுப் பார்த்தேன். நல்ல உப்பு.

உயிரியல் படிக்கும் நண்பர்கள் தவறு கண்டால் தயங்காமல் சொல்லுங்கள், திருத்திக்கொள்கிறேன். கடலோரத்தில் நெல் வைத்திருக்கிறவர்கள் யாராவது படித்தால் உங்கள் மண் கணக்கையும் சொல்லுங்கள். மாமா கேட்கச் சொன்னார்.